ஐயாகிட்ட கேட்டீங்களா?

மதுரையில் வீட்டோடு தங்கி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு நான் வந்து பதினாலு வருஷமாகிறது. வந்த முதல் வருஷம் எழுபத்தாறு வயது ஐயா ஒருவரிடம் போட்டிருந்தார்கள். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்து, பேச்சும் போயிருந்தது. சாப்பாடு மூக்கு வழியாக, ரைல்ஸ் டியூபில். டியூபை ஒட்டும் பிளாஸ்டர் மீசையில் பிடிக்காமல் கழன்று கழன்று வந்தது. எச்சில் ஒழுகி மீசையில் காய்ந்துபோனது. ஒரு நாள் காலையில் தாடி எடுக்கும்போது மீசையையும் சேர்த்து எடுத்துவிட்டேன். வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள், "இப்பத்தான் சுத்தமா இருக்கு" என்றார்.

மத்தியானம் அவரை இடது பக்கம் திருப்பிப் படுக்க வைத்தேன். எதிரே பீரோக் கண்ணாடி. கொஞ்ச நேரம் பார்த்தார். நல்லா இருக்கிற இடது கையைத் தூக்கி மேலுதட்டைத் தடவினார், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும். திரும்பவும் தடவினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நாள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நான் பக்கத்தில் போனாலே கண்ணை மூடிவிடுவார். அவரைப் பார்க்க வந்த தங்கச்சி வாசலிலேயே நின்றுவிட்டு, "எங்கண்ணன் பத்தொம்பது வயசுல வச்ச மீசை, ஐயாகிட்ட கேட்டீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார்.

கேட்கவில்லை. கேட்கணும் என்றே தோன்றவில்லை. பேச முடியாதவரிடம் என்ன கேட்பது என்று நினைத்திருந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்கும், வீட்டில் அப்பா அம்மாவை, மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். படுக்கையில் இருப்பவரின் உடம்பு இன்னமும் அவருடையதுதான். அதில் கை வைப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பதில் வரும் வரைக்கும் நிற்க வேண்டும். கேட்பதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். நிற்பதற்குத்தான் எனக்கு வருஷங்கள் ஆயின.

எப்படிக் கேட்பது

முதலில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுங்கள். காது மெஷின் இருந்தால் வையுங்கள், பேட்டரி இருக்கிறதா பாருங்கள். பல் செட்டைப் போட்டுவிடுங்கள். "ஒண்ணுமே புரியறதில்லை" என்று சொல்லப்பட்ட இரண்டு மூன்று பேருக்கு, காது மெஷினை மேஜை டிராயரிலிருந்து எடுத்து வைத்ததும் எல்லாம் புரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நின்றுகொண்டு மேலிருந்து கேட்காதீர்கள். ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பக்கவாதத்தில் ஒரு பக்கத்துப் பார்வை குறைந்திருக்கலாம், அதனால் அவருக்குத் தெரிகிற பக்கமாக உட்காருங்கள். டிவியை நிறுத்துங்கள்.

பேச்சு போனவர்களுக்கு, நாம் சொல்வது நிறையப் புரியலாம். வாயிலிருந்து வார்த்தை வராததை வைத்து அறிவும் போய்விட்டதாக முடிவு கட்டாதீர்கள். 'ஆமா'வுக்கும் 'இல்லை'க்கும் ஒரு சைகை முடிவு செய்யுங்கள். எந்தச் சைகை என்பதையும் அவரே சொல்லட்டும். ஐயா ஆமாவுக்கு என் விரலை ஒருமுறை அழுத்துவார், இல்லைக்குக் கையை விட்டுவிடுவார். அது சரியாக வேலை செய்கிறதா என்று நமக்குப் பதில் தெரிந்த கேள்விகளால் பார்த்துக்கொள்ளலாம். "இது உங்க வீடா?" அழுத்தினார். "நான் உங்க மகளா?" கையை விட்டார். இப்படி நாலைந்து கேள்விக்குச் சரியாக வந்தால் அந்தக் கையை நம்பலாம். தாறுமாறாக வந்தால் அவருக்கு ஆமா, இல்லையே குழம்புகிறது என்று அர்த்தம். அப்போது பொருளைக் காட்டிக் கேளுங்கள். இரண்டு சட்டையை இரண்டு கையில் பிடித்தால் கண் ஒன்றின் மேல் நிற்கும்.

ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான். "இட்லி வேணுமா, இல்ல கஞ்சியா, இப்பவா, குளிச்சிட்டா?" என்று அடுக்கினால் நல்லா இருப்பவருக்கே தலை சுற்றும்.

கேட்ட பிறகு மனசுக்குள் ஒன்றிலிருந்து இருபது வரைக்கும் எண்ணுங்கள். அவசரமில்லாமல், மூச்சு விட்டு. ஐயாவிடம் முதன்முதலாக இப்படிக் காத்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஜன்னலைத் திறக்கட்டுமா?" என்று கேட்டேன். என் விரல் அவர் உள்ளங்கையில். ஐந்து எண்ணுவதற்குள் கண் ஜன்னல் பக்கம் போனது. எட்டில் திரும்பி வந்தது. தொண்டை அசைந்தது, சத்தம் வரவில்லை. பன்னிரண்டு, பதின்மூன்று. மருமகள் உள்ளே வந்து "காத்து வேணும்னா திறந்து விடு" என்றார். பதினாறில் விரலை விட்டுவிட்டார். வேண்டாமாம். அந்த ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மொட்டைமாடி. அங்கே துணி காயப்போட வருகிறவர்கள் அவர் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே போவார்கள். பதினைந்தில் நான் எழுந்து திறந்திருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

மறதி நோய் இருப்பவர்களிடம் நேரம் பார்த்துக் கேளுங்கள். பலருக்கும் காலையில் தெளிவாக இருக்கும், பொழுது சாய்ந்தால் குழப்பம் கூடும். வங்கி விஷயத்தைத் தீர்மானிக்க முடியாதவருக்கு, எந்தச் சேலை கட்டுவது என்று நன்றாகவே தெரியும். ஒன்று முடியவில்லை என்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்.

கூப்பிடும் விதம் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊரில் பேரப்பிள்ளைகள் அப்பத்தாவை 'நீ, வா, போ' என்பது பாசம். அது பேரப்பிள்ளைக்கு உரிய பாத்தியதை, சம்பளத்துக்கு வந்த நமக்கு இல்லை. "செல்லக்குட்டி வாயத் திற" என்று எண்பது வயதுக்காரரிடம் பேசாதீர்கள். எப்படிக் கூப்பிடட்டும் என்று முதல் நாளே கேளுங்கள். ரிட்டயரான பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் "டீச்சர்னு கூப்பிடும்மா" என்றார். கடைசி வரைக்கும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

குளியல், துணி, தலைமுடி

மனுஷர்கள் அதிகமாகக் குறுகிப்போவது இந்த இடத்தில்தான். கதவைச் சாத்துங்கள். கதவு இல்லாத ஹாலில் கட்டில் போட்டிருந்தால் கொடி கட்டி ஒரு போர்வையாவது தொங்கவிடுங்கள். துடைத்துவிடும்போது எந்தப் பகுதியைத் துடைக்கிறோமோ அது மட்டும் திறந்திருக்கட்டும், மற்றதெல்லாம் துண்டுக்குக் கீழே. "இப்ப முதுகு", "இப்பக் காலு" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கை கொஞ்சமாவது வருகிறவர்களிடம் ஈரத்துணியைக் கொடுத்து, அந்தரங்க இடத்தை அவர்களையே துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கால் மணி நேரம் கூட ஆகட்டும். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண்தான் வேண்டும் என்று கேட்டால் அதைக் குடும்பத்திடமும் ஆள் அனுப்புகிற ஏஜென்சியிடமும் சொல்ல வேண்டியது நம் பொறுப்பு.

வயதான பெண்கள் படுக்கையில் விழுந்ததும் வீட்டில் செய்கிற முதல் காரியம் நைட்டி மாட்டுவது. நமக்குச் சுலபம்தான். ஆனால் அறுபது வருஷமாகச் சேலையைத் தவிர வேறொன்றும் உடுத்தாதவர்கள் அதைப் போட்டுக்கொண்டு யார் முன்னாலும் இருக்க மாட்டார்கள். நான் பார்த்த அப்பத்தா ஒருவர், யார் உள்ளே வந்தாலும் துண்டை இழுத்து மார் மேல் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள் பழைய சுங்குடிச் சேலை ஒன்றைக் காட்டிக் கேட்டேன். கையை நீட்டி வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். சேலையைப் பாதியாகக் கிழித்து ஓரம் அடித்தோம். ஜாக்கெட்டை முதுகுப் பக்கம் முழுசாக வெட்டி நாடா வைத்தோம், அதனால் கையைத் தூக்காமலேயே முன்னாலிருந்து மாட்டிவிடலாம். பாதிச் சேலையை இடுப்பில் ஒரு சுற்று சுற்றி, மிச்சத்தை மாராப்பாகப் போட்டோம். முதுகுக்குக் கீழே மடிப்பு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விழுந்தால் புண்ணாகும். டயபர் மாற்ற ஐந்து நிமிஷம் கூடுதலாக ஆனது. அதன் பிறகு அவர் ஆட்களைப் பார்க்க மறுக்கவில்லை.

தலைமுடியும் அப்படித்தான். சிக்கு விழுகிறது, பேன் வருகிறது என்று ஒட்ட வெட்டிவிடுவார்கள். வெட்டுவதற்கு முன்னால் அவரிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால் நடு வகிடு எடுத்து, காதுக்குப் பக்கத்தில் இரண்டு சடையாகத் தளர்வாகப் பின்னிவிட்டால் மல்லாக்கப் படுக்கும்போது தலைக்கடியில் உறுத்தாது. தாலி, மெட்டி, மூக்குத்தி, திருநீறு, பொட்டு எதுவானாலும் கேட்காமல் எடுக்காதீர்கள், கேட்காமல் வைக்கவும் வேண்டாம்.

'வேண்டாம்' என்று சொன்னால்

வேண்டாம் என்பது அடம் இல்லை, ஒரு தகவல். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்போம். ஒரு அம்மா வலது பக்கம் திருப்பவே விட மாட்டார், கத்துவார். "படுத்துறாங்க" என்று எனக்கு முன்னால் இருந்த பெண் எழுதி வைத்திருந்தாள். உட்கார்ந்து ஒவ்வொரு இடமாகத் தொட்டுக் கேட்டதில் வலது தோள்பட்டையில் கையைக் கொண்டுபோனார். உயிர் போகிற வலி. டாக்டரிடம் சொல்லி, அவரைத் திருப்புவதற்கு அரை மணி நேரம் முன்னால் வலி மாத்திரை கொடுத்தோம். தோளுக்கு முன்னால் தலையணை வைத்து, முழுசாகத் திருப்பாமல் பாதி சாய்த்தோம். கத்தல் நின்றது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-ல் தொடங்கிய பிறகு பிசியோதெரபிஸ்ட், வலி குறைக்கும் சிகிச்சை நர்ஸ் எல்லாம் வீட்டுக்கே வருகிறார்கள். வந்தால் நீங்கள் முந்திக்கொண்டு பேசாமல், நோயாளியைச் சொல்ல விடுங்கள்.

மாத்திரையைத் தயிர்சாதத்தில் பிசைந்து தெரியாமல் கொடுப்பதை நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அன்றோடு சாப்பாட்டையும் நம்ப மாட்டார்கள். அதோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருக்கும் மாத்திரைகள் மெதுவாகக் கரைவதற்காகச் செய்தவை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும். ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். பெரிதாக இருக்கிறதா, வயிறு எரிகிறதா, ராத்திரி தண்ணி மாத்திரை போட்டால் ஒண்ணுக்குப் போக யாரையாவது எழுப்ப வேண்டியிருக்கிறதே என்ற கூச்சமா? டாக்டரிடம் சொன்னால் பெரும்பாலும் நேரத்தையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

சாப்பாட்டில்தான் சண்டை அதிகம். சர்க்கரை நோய் இருக்கிற எண்பத்திரண்டு வயது அப்பத்தாவுக்குக் காலையில் கருப்பட்டிக் காப்பி வேண்டும். மகன் கூடவே கூடாது என்பார். அப்பத்தாவிடம் விளக்கிச் சொன்னேன்: சர்க்கரை ஏறும், கால் புண் ஆற லேட்டாகும். "தெரியும்டி. அரை டம்ளர் போதும்" என்றார். இது தெரிந்து எடுத்த முடிவு. டாக்டர் முன்னாலேயே மகனையும் வைத்துப் பேசினோம். காலையில் அரை டம்ளர், மற்ற சாப்பாட்டில் கவனம், சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வரி ஒன்று உண்டு: ஒருவர் எடுத்த முடிவு மற்றவர்களுக்குத் தப்பாகப் படுகிறது என்பதை மட்டும் வைத்து, அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று சொல்லக் கூடாது. மனநோய் உள்ளவர்களுக்கே அந்த மரியாதை உண்டு என்றால், காப்பி கேட்கிற கிழவிக்கு ஏன் இல்லை?

விழுங்குவதில் கோளாறு இருப்பவர் தண்ணீர் கேட்டால் அது வேறு. புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள், கேட்காதது மாதிரி இருந்துவிடவும் வேண்டாம். "தாகமா இருக்கு, எனக்குத் தெரியுது. டாக்டர்கிட்ட இன்னிக்கே கேக்குறேன்" என்று சொல்லி, சொன்னபடி கேளுங்கள். அதுவரைக்கும் வாயை ஈரப் பஞ்சால் துடைத்து, உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவுங்கள்.

இன்னொன்று. நேற்று வரைக்கும் தெளிவாக இருந்தவர் இன்றைக்குத் திடீரென்று உளறுகிறார், எல்லாவற்றையும் தட்டிவிடுகிறார் என்றால் அதை அவர் முடிவு என்று விட்டுவிடாதீர்கள். மூத்திரத் தொற்று, ரத்தத்தில் உப்புக் குறைவு, மலச்சிக்கல், புது மருந்து என்று எதுவும் காரணமாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

கட்டிப்போடாதீர்கள்

டியூபைப் பிடுங்குகிறார் என்று வேட்டித் துணியால் கையைக் கட்டில் கம்பியோடு கட்டுவார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஏர்வாடியைச் சொன்னால் போதும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று இப்போது சட்டமே சொல்கிறது. வீட்டில் நாம் கட்டுவது சங்கிலி இல்லை, துணிதானே என்று நினைக்காதீர்கள். உங்கள் கையை ஒரு மணி நேரம் அப்படிக் கட்டிப் பாருங்கள்.

ஏன் பிடுங்குகிறார் என்று பாருங்கள். பிளாஸ்டர் அரிக்கும், மூக்கு காய்ந்து எரியும். பிளாஸ்டரை இடம் மாற்றி ஒட்டுங்கள். கையில் பிடித்துக்கொள்ள ஒரு சுருட்டிய துண்டு கொடுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். இந்த டியூப் இன்னும் தேவைதானா, வாய் வழியாகக் கொடுத்துப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். தொந்தரவு இல்லாமல் தூங்கட்டும் என்று தூக்க மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கச் சொல்கிற வீடுகளும் உண்டு. டாக்டர் எழுதாததைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

டாக்டர் முன்னால்

பெரும்பாலான டாக்டர்கள் கட்டிலுக்கு மேலே மகனைப் பார்த்துப் பேசுவார்கள். நான் மெதுவாக, "டாக்டர், ஐயாவுக்குப் புரியும், அவர்கிட்டயே சொல்லுங்க" என்பேன். முதல் தடவை சொல்லத்தான் பயமாக இருக்கும்.

புற்றுநோய் என்று நோயாளிக்குச் சொல்லாதீர்கள் என்று குடும்பம் கேட்கும். பாசத்தில்தான் கேட்கிறார்கள். நோயைச் சொல்வது டாக்டர் வேலை, நாம் முந்திக்கொண்டு உடைக்கக் கூடாது. ஆனால் அவர் நேராகக் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். "இதை டாக்டர்கிட்ட கேட்போமா? நான் கூட இருக்கேன்" என்று சொல்லி, அவர் கேட்டதைக் குடும்பத்துக்கும் டாக்டருக்கும் தெரியப்படுத்துங்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையும் அவரே சொல்லட்டும். சிலர், "எனக்கு வேணாம், என் மகள்கிட்ட சொல்லுங்க" என்பார்கள். அதுவும் அவர் முடிவுதான்.

சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுக்கப்பட்ட 44 வயதுப் பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே தாயிடம் கையெழுத்து வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்த வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கண் விழித்ததும் தானே முடிவெடுக்கக்கூடியவருக்குப் பதிலாகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று 2008-ல் தீர்ப்பு வந்தது.

கடைசிக் காலத்தில் வென்டிலேட்டர் வேண்டாம், வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் பேச்சை "ஏன் இப்படிப் பேசறீங்க" என்று அடக்காதீர்கள். அதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையைச் சுலபமாக்கியது: இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். தெளிவாக இருக்கும்போதே செய்ய வேண்டிய காரியம் இது. நினைவு தப்பிய பிறகு முடியாது.

கைநாட்டு, போட்டோ

ராத்திரி எட்டு மணிக்கு மேல் பத்திரத்தோடு யாராவது வந்து, "ஐயா கையைக் கொஞ்சம் பிடிம்மா" என்றால் பிடிக்காதீர்கள். சாட்சிக் கையெழுத்தும் போடாதீர்கள். என்ன பத்திரம் என்று அவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஓய்வூதியத்துக்கு உயிர்ச்சான்று எடுக்கத் தபால்காரர் வீட்டுக்கு வந்து விரலை வைக்கச் சொல்வது நியாயமான காரியம், அதைக்கூட அவரிடம் சொல்லிவிட்டுத்தான் விரலை எடுக்க வேண்டும். பார்த்துக்கொள்வதாக எழுதிச் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுத்து அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் 14567. அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அவர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒட்டுங்கள்.

பார்க்க வருகிறவர்கள் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடுவார்கள். டியூபும் டயபருமாக இருக்கும் படம் சிங்கப்பூர் வரைக்கும் போய்விடும். "ஐயா, போட்டோ எடுக்கலாமான்னு கேக்குறாங்க" என்று சத்தமாகக் கேளுங்கள். வந்தவர் போனைக் கீழே இறக்க அதுவே பெரும்பாலும் போதும்.

நோட்டு

மருந்து, சர்க்கரை, மோஷன் எல்லாம் எழுத ஒரு நோட்டு இருக்கும். அதன் முதல் பக்கத்தை அவருக்காக விடுங்கள். ஐயா நோட்டில் நான் எழுதியது இது:

ஆமா என்றால் விரலை அழுத்துவார். இல்லை என்றால் கையை விடுவார். இருபது எண்ணும் வரை பொறுக்கவும். ரோட்டுப் பக்க ஜன்னல் திறக்கலாம், மாடிப் பக்கம் வேண்டாம். சாயந்திரம் நாதஸ்வரம் பிடிக்கும், சத்தம் குறைவாக. பெரிய பேரன் வந்தால் மட்டும் சாய்வாக உட்கார வைக்கவும். மீசையைத் தொடுவதற்கு முன் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுக்கவும்.

ஷிப்ட் மாறும்போது நோட்டை வராந்தாவில் வைத்துக் கொடுக்காதீர்கள். புதிதாக வருகிறவரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, அவர் காதில் விழும்படி முதல் பக்கத்தை வாசியுங்கள். நான் அப்படி வாசித்தபோது 'சாயந்திரம் நாதஸ்வரம்' என்ற இடத்தில் ஐயா என் விரலை விட்டுவிட்டார். சாயந்திரம் இல்லையாம். காலை என்று அடித்து எழுதினேன்.